பெல்ட் புதுசு, இஞ்சின் மட்டும் பேசவில்லை

பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கணக்கு, மனு எழுதும் முறை என்று இந்தப் பகுதியில் எழுதி வரும் நான், இந்த முறை ஒரு காரைப் பற்றி எழுதப் போகிறேன். வாத்தியாருக்கும் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

எங்கள் தோட்டம் பகாவ் பக்கம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிறது. லயத்தின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் குவாலா பிலாவுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கே புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துக்கு எந்த பஸ்ஸும் வராது. பெரியவரிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய சாகா ஈஸ்வரா, 1.3. அந்த அம்மாளின் உயிர் அந்தக் காரில்தான் ஓடுகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

டைமிங் பெல்ட் மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட தொகை கையில் இல்லை. பேரன், இடைநிலைப் பள்ளியை முடித்துவிட்டு மேலே எங்கே சேர்வது என்று தெரியாமல் இருக்கிற பையன், "பெல்ட் மட்டும் வாங்கிக் குடுங்க தாத்தா, நானே போடுறேன்" என்றான். கைத்தொலைபேசியில் நான்கைந்து படம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் கிடந்து பெல்ட்டை மாற்றிவிட்டான். ஞாயிறு மத்தியானம் சாவியைத் திருகினால், இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லயமே கூடியிருந்தது. ஒருவர் பேட்டரி என்றார். ஒருவர் எண்ணெய் வரவில்லை என்றார். மூன்றாமவர், "ஆளுக்கொரு கை குடுங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். பெரியவர் பேரனைப் பார்த்துச் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. பையன் தலை குனிந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. படித்தவன் என்ற ஹோதாவில் நானும் காரில் உட்கார்ந்து நாலைந்து முறை சாவியைத் திருகிப் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

"சாவிய எடுங்க சார்" என்று ஒரு குரல். எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலையில் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் மாமா என்றே கூப்பிடுவோம். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார்.

"பெல்ட் மாத்துறதுக்கு முந்தி வண்டி ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ஓடுச்சு மாமா. கடைக்குப் போய்ட்டு வந்துதான் கழட்டுனேன்."

"அப்புறம் பேட்டரிய ஏன் திட்டுறீங்க? நேத்து எங்க கை பட்டுச்சோ அங்கதான் பாக்கணும்."

காரியம் முழுக்க அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரு வேலை செய்த பிறகு ஓடவில்லை என்றால், அந்த வேலையிலிருந்துதான் தேட வேண்டும். நாம் அப்படித் தேடுவதில்லை. புது பெல்ட் போட்டாயிற்று, அதில் குற்றம் இருக்காது என்று எண்ணிக்கொண்டு பழசையெல்லாம் சந்தேகப்படுகிறோம்.

தாய்மார்களுக்கும் விளங்கும்படி இந்த பெல்ட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இஞ்சினின் அடியில் ஒரு தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. அது கிராங்க் தண்டு. தலைப்பகுதியில் இன்னொரு தண்டு வால்வுகளைத் திறந்து மூடுகிறது. அது கேம் தண்டு. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்குவாள். தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். பிஸ்டனும் வால்வும் அப்படித்தான் ஒரே இடத்துக்கு வந்து போகின்றன. அந்தத் தாளத்தைக் காப்பது பல் வைத்த இந்த பெல்ட். கீழ்த் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் மேல் தண்டு ஒரு சுற்று. அதனால்தான் மேல் சக்கரத்தில் கீழ்ச் சக்கரத்தைப்போல் இரண்டு மடங்கு பல் இருக்கிறது.

மேல் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தவறினால் மேல் தண்டு 9 பாகை தள்ளிப்போகும். கீழ்த் தண்டின் கணக்கில் அது 18 பாகை. ஒரு பல் தவறியும் ஓடுகிற வண்டிகள் உண்டு. ஆனால் மேடு ஏறத் திணறும், எண்ணெய் குடிக்கும். இரண்டு மூன்று பல் தவறினால் ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். அதற்கு மேல் தவறினால், பல இஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது திறந்து நிற்கிற வால்வை முட்டி வளைத்துவிடும். வளைந்த வால்வை மாற்ற இஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும். பட்டறைச் செலவு பெல்ட்டின் விலையைப்போல் பல மடங்காகிவிடும். பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாத இஞ்சின்களும் இருக்கின்றன. நம் வண்டி எந்த வகை என்று நிச்சயமாகத் தெரியாதவரையில், மோதும் வகை என்றே நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே புது பெல்ட் போட்ட வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருகும் ஒரு அடி. நான் நாலைந்து அடி அடித்திருக்கிறேன். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பதிலாக முழுக் காரின் பாரமும் சேர்ந்து இஞ்சினைச் சுற்றும். நல்ல வேளையாக, சட்டையை மடித்தவரை மாமா தடுத்துவிட்டார்.

இடையில் ஒரு சொல். பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு, ரப்பர் என்றாலே நம் மரத்துப் பால் என்று நினைப்பு. இந்த பெல்ட் அந்த ரப்பரில் செய்வதில்லை. இயற்கை ரப்பர் இஞ்சின் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிக் கெட்டுவிடும். சூட்டையும் நெடுங்காலம் தாங்காது. அதனால் செயற்கை ரப்பருக்குள் கண்ணாடி இழை நூல்களை வைத்துச் செய்கிறார்கள். நம் பால் டயருக்கும் கையுறைக்கும் போயிற்று. பல் வைத்த பெல்ட் முதலில் வந்தது காருக்காக அல்ல. 1940-களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காக வந்தது. பெருமளவில் தயாரித்து விற்ற காரில் வால்வுகளை ஓட்ட அதை முதலில் பயன்படுத்தியது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில். நம் நாட்டில் 1985 ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, அதிலிருந்த மிட்சுபிஷி இஞ்சினோடு டைமிங் பெல்ட்டும் தோட்டத்து லயம் வரை வந்து சேர்ந்தது. 1994-இல் வந்த கஞ்சிலுக்கும் பெல்ட்தான். 2005-இல் வந்த மைவிக்கு பெல்ட் இல்லை, சங்கிலி. அந்த வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் பெல்ட் மாற்றச் சொல்லி நிற்க வேண்டாம்.

கதைக்கு வருவோம்.

மாமா முதலில் காதைக் கொடுத்தார். ஒரே ஒரு முறை, இரண்டு விநாடி, சாவியைத் திருகச் சொன்னார். நல்ல இஞ்சினை ஸ்டார்ட்டர் சுற்றும்போது 'உர்... உர்... உர்...' என்று கனமும் லேசுமாக மாறி மாறி வரும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கும்போது மோட்டார் சற்றே திணறுவதால் வரும் சத்தம் அது. இந்த வண்டியோ 'விர்ர்ர்' என்று தையல் மிஷின் மாதிரி லேசாகச் சுற்றியது. "காத்த அமுக்கல. வால்வு நேரந்தப்பித் தெறந்து மூடுது. இல்லாட்டி வளைஞ்சிருக்கு" என்றார். 'வளைஞ்சிருக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பேட்டரியின் கம்பியைக் கழற்றினார்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றினார்கள். அவற்றின் ஒயர்களைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தது நான். சும்மா நிற்க மனம் வரவில்லை. பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருந்தன. அப்படியானால் எண்ணெய் வருகிறது. எண்ணெய்க் கட்சிக்காரர் அத்தோடு அடங்கினார்.

பிளக்கைக் கழற்றியதற்குக் காரணம் இருக்கிறது. பிளக் இல்லாவிட்டால் காற்று அடைபடாது, இஞ்சினைக் கையால் சுலபமாகச் சுற்றலாம். கீழ்த் தண்டின் முனையிலுள்ள பெரிய போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, இஞ்சின் வழக்கமாகச் சுற்றும் பக்கமாகவே மெல்லச் சுற்ற வேண்டும். இந்த சாகாவுக்கு, பெல்ட் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் பக்கம். பழைய ஹோண்டா வண்டிகள் பலவற்றுக்கு எதிர்ப்பக்கம். கையேட்டைப் பார்க்காமல் தொடக் கூடாது. சுற்றும்போது எங்காவது கல்லில் முட்டியதுபோல் நின்றால் அதற்கு மேல் ஒரு இம்மியும் அழுத்தக் கூடாது. முட்டியது வால்வாக இருக்கலாம்.

பையன் ஸ்பானரைப் பிடித்தான். யாரும் பேசவில்லை. ஒரு சுற்று முட்டாமல் போயிற்று. இரண்டாவதும் முட்டாமல் போயிற்று.

மூடியைக் கழற்றி அடையாளங்களைப் பார்த்தார்கள். முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கீழ்ச் சக்கரத்தின் கோடும் மேல் சக்கரத்தின் கோடும் அதனதன் எதிரிலுள்ள கோட்டோடு நேராக நிற்க வேண்டும். கீழே நேராக நின்றது. மேலே இரண்டு பல் தள்ளி நின்றது.

"நேரா வெச்சுத்தான மாமா மாட்டுனேன்" என்றான் பையன். அழுதுவிடுவான்போல இருந்தது.

"வெச்சிருப்ப. நீ பொய் சொல்லல" என்று மாமா அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு விளக்கினார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. பெல்ட்டின் ஒரு பக்கத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் உருளை இருக்கிறது. மற்றப் பக்கம் இழுவைப் பக்கம்; அங்கே எதுவும் இறுக்குவதில்லை. பெல்ட்டை மாட்டும்போது இழுவைப் பக்கத்தில் துளியும் தொய்வு இருக்கக் கூடாது. கீழ்ச் சக்கரத்தில் மாட்டி, இழுவைப் பக்கத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி மேல் சக்கரத்தில் மாட்டி, தொய்வு முழுவதையும் உருளைப் பக்கம் விட்டு, கடைசியில்தான் உருளையை விட வேண்டும். பையன் மாட்டிய நேரத்தில் கோடுகள் நேராகத்தான் இருந்தன. இழுவைப் பக்கத்தில் இருந்த தொய்வு, இஞ்சின் சுற்றத் தொடங்கியதும் இழுபட்டு, மேல் தண்டை இரண்டு பல் பின்தங்க வைத்துவிட்டது. மூடியைப் போடுவதற்கு முன்னால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கோடுகளைத் திரும்பப் பார்த்திருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். அவன் பார்த்த படங்களில் அந்த இடம் வேகமாக ஓடிவிட்டதாம்.

இன்னொன்றும் நடப்பதுண்டு என்றார். பழைய பெல்ட்டை உருவியதும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் மேல் தண்டு தானாகவே துள்ளித் திரும்பிவிடும். நாம் கவனிக்காமல் அப்படியே புது பெல்ட்டை மாட்டிவிடுவோம். அதற்குத்தான் அனுபவமுள்ளவர்கள், கழற்றும் முன்பே இரண்டு சக்கரத்திலும் பெல்ட்டிலும் வெள்ளைச் சாயத்தில் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

பையனே மறுபடியும் மாட்டினான். மாமா ஸ்பானரைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான். கோடுகள் நேராக நின்றன. இன்னும் இரண்டு சுற்று. அப்படியே நின்றன.

வால்வு தப்பியதா என்று பார்க்க அழுத்தமானி எங்களிடம் இல்லை. பேட்டரியைச் சேர்த்து, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் துவாரத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு ஒரு கணம் சுற்ற வைத்தார்கள். காற்று விரலை 'புஸ்' என்று தள்ளியது. நான்கு துவாரத்திலும் அப்படியே. நான்காவதும் தள்ளியதும் பெரியவர் திண்ணையைவிட்டு எழுந்து வந்தார்.

பிளக்குகளை மாட்டி, நான் ஒயர்களைச் செருகிக் கொடுத்தேன். சாவியைத் திருகினான். இஞ்சின் பிடித்தது, ஆனால் கார் முழுக்க வெடவெடவென்று ஆட, கார்புரேட்டர் பக்கம் 'பட் பட்' என்று இருமிவிட்டு அணைந்தது.

அத்தனை கண்ணும் பையன் மேல் திரும்பியது. "அப்பவே சொன்னேன், பட்டறைக்குக் கொண்டு போகணும்னு" என்று ஒருவர் ஆரம்பித்தார். மாமா மட்டும் அவனைப் பார்க்கவில்லை.

"கடைசியா கை வெச்சது யாரு?"

நான்தான்.

பிளக்குகள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. டிஸ்டிரிபியூட்டர் மூடியிலிருந்து வரும் ஒயர்கள் அதன்படி அதனதன் பிளக்குக்குப் போக வேண்டும். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிச் செருகியிருந்தேன். முதலாவதும் நான்காவதும் சரியாக வெடிக்க, நடுவிலிருக்கும் இரண்டும் நேரந்தப்பித் தீப்பொறி வாங்கியிருக்கின்றன. கண்டுபிடித்தது பையன்தான். ஒன்றும் சொல்லாமல் இரண்டு ஒயரையும் உருவி இடம் மாற்றினான். சாவியைத் திருகியதும் இஞ்சின் ஒரே பிடியில் பிடித்துச் சீராக ஓடியது. உள்ளேயிருந்து அந்த அம்மாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வாசகர்களில் புது வண்டிக்காரர்கள், கார்புரேட்டரும் டிஸ்டிரிபியூட்டரும் எங்களுக்கு இல்லையே என்பீர்கள். உங்கள் வண்டிகளில் தண்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லும் சென்சார்கள் கிராங்க் பக்கமும் கேம் பக்கமும் இருக்கும். பெல்ட் வேலையில் அவற்றின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பச் செருக மறப்பதும், நசுங்க விடுவதும் நடக்கிறது. கழற்றிய பூமிக் கம்பியை மாட்டாமல் விடுவதும் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் திருட்டுத் தடுப்பு அலாரம் பூட்டிக்கொண்டு ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்யும் வண்டிகளும் உண்டு. சத்தம் 'உர்... உர்...' என்று சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள். 'விர்ர்ர்' என்றால் சாவியை எடுத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். கையால் சுற்றும்போது முட்டினாலோ, கோடுகள் நேராக இருந்தும் விரலைக் காற்று தள்ளவில்லை என்றாலோ, அதற்கு மேல் வீட்டு வாசலில் செய்ய ஒன்றுமில்லை. வண்டியை இழுவை லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், முன்னவர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு நான் பெரியவரிடம், "நாளைக்கு என் காரிலேயே போகலாமே, புது வேலை, வழியில் நின்றுவிட்டால்?" என்று கேட்டேன். "நாளைக்கு நீங்க வருவீங்க சார். புதன்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காலை ஐந்தரைக்கு, பேரன் ஓட்ட, சாகா எங்கள் குவார்ட்டர்ஸைக் கடந்து போகும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றுவிடுமோ என்று பெரிய ரோட்டு முனைவரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

பையனை இப்போது மாமா சிஜில் கெமாஹிரான் மலேசியா வகுப்பில் சேரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறார். விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அதை வாங்கிக்கொள்ள நேற்று மாலை போனபோது, காரின் முன்மூடி திறந்திருந்தது. பெல்ட் மூடியின்மேல் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருந்தது. நான்கு பிளக் ஒயரிலும் திருத்து மையில் 1, 2, 3, 4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

"இது எதுக்குடா?" என்றேன்.

"உங்களுக்குத்தான் சார்" என்றான்.